ஆறேழு சனிக்கிழமைக்கு ஓர் அரங்கம்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கால்பந்துக் கணக்கு

வளாகத்துக்குள் கால்பந்து அரங்கம் கட்டப்போவதாக ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் அறிவித்தால், அன்று மாலைக்குள் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். நன்கொடையாளர்கள் பணம் தருகிறார்கள், டிக்கெட் விற்கும், பெயர் பரவும், ஊருக்கும் வருமானம், இதில் என்ன நஷ்டம் என்று கேட்பது ஒரு கட்சி. வகுப்பறைக்கு இல்லாத பணம் பந்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்பது மறு கட்சி. இரண்டு தரப்பும் உரக்கப் பேசுகின்றன. பெரும்பாலும் இரண்டு தரப்பின் கையிலும் இருப்பது தவறான கணக்கு.

பிள்ளையை அங்கே படிக்க அனுப்பியவர்கள், அங்கேயே வேலை பார்ப்பவர்கள், செய்தியைப் படித்துவிட்டு 'இத்தனை கோடி டாலரா' என்று வாய்பிளப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஆட்டத்தின் விதிகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டுவது எப்படிப்பட்ட அனுபவம் என்று தெரிந்தால் போதும்.

எந்த ஆட்டம், எத்தனை நாள்?

இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. ஆடுபவர்கள் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் தேசிய அமைப்பின் பெயர் என்.சி.ஏ.ஏ. ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி நவம்பர் முடிய, பெரும்பாலும் சனிக்கிழமைகளில், உயர்பிரிவு அணி ஒன்று வழக்கமாக 12 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் ஆறோ ஏழோதான் சொந்த ஊரில் நடக்கும். மற்றவற்றுக்கு எதிரணியின் ஊருக்குப் போக வேண்டும்.

அதாவது ஆண்டின் 365 நாட்களில் ஏழு நாள். இந்த எண்ணை மறக்காமல் வைத்திருந்தால் பாதி வாதங்கள் தாமாகவே தெளிந்துவிடும்.

கல்லூரி ஆட்டம்தானே என்று கூட்டத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். அது இருக்கும் ஆன் ஆர்பர் நகரின் மக்கள் தொகையே 2020 கணக்கெடுப்பின்படி 1,24,000க்குச் சற்றுக் குறைவு. தொழில்முறை அணிகளின் அரங்கங்களில் எதுவும் இந்த அளவு பெரியது இல்லை.

இந்தப் பழைய பெரிய அரங்கங்கள் பலவும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தவை. ஹார்வர்ட் அரங்கம் 1903இல் வந்தது. 1879ஆம் ஆண்டு பட்டம் பெற்ற வகுப்பினர் தந்த பணம் அதற்குக் கைகொடுத்தது. ஒஹாயோ 1922, பெர்க்லி 1923, மிச்சிகன் 1927 என்று வரிசை நீள்கிறது. ஆனால் எல்லோரிடமும் சொந்த அரங்கம் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யு.சி.எல்.ஏ. அணி 1982 முதல் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி பாசடீனா நகரின் ரோஸ் பௌல் அரங்கத்தில் ஆடிவருகிறது. மயாமி பல்கலைக்கழக அணியும் பிலடெல்பியாவின் டெம்பிள் அணியும் தொழில்முறை அணிகளின் அரங்கங்களில் ஆடுகின்றன. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 1925இல் கட்டிய தன் அரங்கத்தை 1999இல் தானே இடித்துவிட்டு, இன்று நகரத்துத் தொழில்முறை அணியின் அரங்கத்தைப் பகிர்ந்துகொள்கிறது.

ஆகவே கேள்வி எழுவது பெரும்பாலும் இரண்டாவது வகையினரிடம்தான்: இரவல் இடத்தில் ஆடுகிறோமே, நமக்கென்று ஒன்று வேண்டாமா?

சொந்த வீடா, வாடகை வீடா?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை. இந்த விஷயத்துக்கு வீட்டு உவமை ஒன்றே போதும்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட உரிமையாளரைக் கேட்க வேண்டும். ஆனால் கூரை ஒழுகினால் அது அவர் பாடு. வசதிப்படவில்லை என்றால் சின்ன வீட்டுக்குப் போய்விடலாம். சொந்த வீட்டில் சுவர் நம்முடையது, மாடி நம்முடையது, அந்தப் பெருமையும் நம்முடையது. கூடவே கடனும் நம்முடையது. வேலை போனாலும் மாதம் பிறந்தால் தவணை வந்து நிற்கும்.

அரங்கத்திலும் இதே கதை. வாடகைக்கு ஆடும் பல்கலைக்கழகத்துக்கு டிக்கெட் வருமானம் வரும். பார்க்கிங் கட்டணம், உணவுக் கடைகளின் வருமானம், சொகுசு அறைகளின் வாடகை, விளம்பரப் பலகைகளின் காசு ஆகியவற்றில் எவ்வளவு கிடைக்கும் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பெரும்பகுதி உரிமையாளரிடம் போவதே வழக்கம். தேதி விஷயத்திலும் முன்னுரிமை அவருடைய அணிக்குத்தான். மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1982 முதல் 2008 வரை மினியாபோலிஸ் நகரின் மெட்ரோடோம் என்ற மூடிய அரங்கத்தில் ஆடியது. அங்கே தொழில்முறைக் கால்பந்து அணி, தொழில்முறை பேஸ்பால் அணி, அதற்குப் பிறகுதான் இவர்கள்.

சொந்த அரங்கம் கட்டினால் மேலே சொன்ன வருமானமெல்லாம் கைக்கு வரும். அதற்கு விலையாக வருவது நிலைச் செலவு. எத்தனை பேர் வந்தாலும், ஒருவருமே வராவிட்டாலும் மாறாத செலவுக்கு அந்தப் பெயர்: கடன் தவணை, காப்பீடு, பராமரிப்பு, காவல், புல் தரை. வாடகையைக் கூட்டம் குறையும்போது பேசிக் குறைக்கலாம். கடன் தவணையிடம் பேச்சு எடுபடாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சொந்த அரங்கம் வருமானத்தின் உச்சவரம்பை உயர்த்துகிறது, செலவின் அடித்தளத்தையும் உயர்த்துகிறது. அணி வெல்லும் ஆண்டில் முதலாவது கண்ணில் படும். தோற்கும் ஆண்டில் இரண்டாவது.

பணம் எங்கிருந்து வருகிறது?

பொதுப் பேச்சில் அதிகம் குழம்பிக் கிடப்பது இந்த இடம்தான். 'நன்கொடையில் கட்டுகிறோம்' என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் நாலைந்து வகைப் பணம் ஒளிந்திருக்கும்.

பெரும்பாலான அரங்கங்களின் முதுகெலும்பு கடன் பத்திரம். பல்கலைக்கழகம் முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, இத்தனை ஆண்டுகளில் இத்தனை வட்டியுடன் திருப்பித் தருவதாக எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. பொதுப் பல்கலைக்கழகங்கள் வெளியிடும் பத்திரங்கள் பலவற்றின் வட்டிக்கு மத்திய வருமான வரி கிடையாது. வரி இல்லாததால் முதலீட்டாளர் குறைந்த வட்டிக்கே சம்மதிப்பார். நாட்டின் வரி செலுத்துவோர் அனைவரும் அந்த அரங்கத்துக்குக் கொஞ்சம் கொடுக்கிறார்கள் என்றுதான் இதற்குப் பொருள். ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டே இராதவரும் இதில் அடக்கம்.

இது புதிய உத்தியும் இல்லை. மிச்சிகனின் விளையாட்டு இயக்குநராக இருந்த ஃபீல்டிங் யோஸ்ட் 1920களில் 500 டாலர் மதிப்புள்ள 3,000 பத்திரங்களை 3 சதவீத வட்டிக்கு விற்றார். வாங்கியவர்களுக்கு நல்ல இருக்கைக்கு டிக்கெட் வாங்கும் உரிமையும் உண்டு. கடன், விசிறியின் ஆசை இரண்டையும் ஒரே சீட்டில் கட்டிய அந்த யோசனையின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைய திட்டங்கள்.

அடுத்தது இருக்கை நன்கொடை. டிக்கெட் விலைக்கு மேல், நல்ல இருக்கையைப் பெறும் உரிமைக்காகவே ஆண்டுதோறும் கொடுக்கும் தொகை இது. பெயரளவில் நன்கொடை, நடைமுறையில் விலை. முன்பு இந்தத் தொகையில் 80 சதவீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். 2017இல் இயற்றிய வரிச் சட்டம் 2018 முதல் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டது. அதற்கு முன்பு போட்ட கணக்குகளில் எத்தனை இன்றும் செல்லுபடியாகும் என்று கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது பெயர் உரிமை: ஒரு நிறுவனம் பணம் கொடுத்து அரங்கத்துக்குத் தன் பெயரைச் சூட்டுவது. மின்னசோட்டா கடைசியில் வளாகத்துக்குத் திரும்பி 2009இல் திறந்த அரங்கத்துக்கு டி.சி.எஃப். வங்கி 3.5 கோடி டாலர் தந்தது. பிறகு அந்த வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்தது. அரங்கம் 2021 முதல் ஹண்டிங்டன் வங்கியின் பெயரில் இருக்கிறது. கட்டடம் நிலைக்கிறது, பெயர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான்காவது, யாரும் மேடையில் சொல்லாதது: மாணவர் கட்டணம். கல்விக் கட்டணத்தோடு சேர்த்து ஒவ்வொரு மாணவரிடமும் வாங்கும் தொகை. ஆட்டத்துக்குப் போகிறவருக்கும், இரவெல்லாம் ஆய்வகத்தில் இருப்பவருக்கும் ஒன்றே. அதே மின்னசோட்டாவில் செமஸ்டருக்கு 12.50 டாலர். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2012இல் மாணவர்களே வாக்களித்து செமஸ்டருக்கு 45 டாலர் கூட்டிக்கொண்டார்கள். வாக்கெடுப்பு நடத்தியது நல்ல முறைதான். ஆனால் வாக்களித்தவர்கள் படித்து முடித்துப் போன பிறகும் கட்டணம் அடுத்தடுத்த தலைமுறைக்குத் தொடரும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஐந்தாவது மாநில அரசின் பணம். மின்னசோட்டா அரங்கத்தின் 28.85 கோடி டாலர் செலவில் 48 சதவீதம் மாநிலத்தின் பங்கு.

ஆக, 'நன்கொடையில் கட்டுகிறோம்' என்று யாராவது சொன்னால், பணம் வங்கிக்கு வந்துவிட்டதா, வருவதாக வாக்கு மட்டும்தானா, அல்லது வரும் என்ற நம்பிக்கையில் கடன் வாங்குகிறார்களா என்று கேட்க வேண்டும். மூன்றும் ஒன்றில்லை.

பெர்க்லி: பிளவின் மேல் ஒரு கடன்

வரும் என்ற நம்பிக்கையில் வாங்கும் கடன் எப்படிக் கையைச் சுடும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தை விடத் தெளிவான பாடம் இல்லை. அது புதிய அரங்கம் இல்லை, 1923இல் கட்டிய பழைய அரங்கத்தின் புதுப்பிப்பு. ஆனாலும் கணக்கின் இயல்பு ஒன்றுதான்.

அந்த அரங்கத்தின் இடமே விபரீதமானது. ஹேவர்ட் நிலப்பிளவு என்ற பூகம்பக் கோடு ஏறக்குறைய ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கோல் கம்பம் வரை அரங்கத்தை ஊடுருவிப் போகிறது. பிளவின் இரு பக்க நிலமும் ஆண்டுதோறும் சில மில்லிமீட்டர் எதிரெதிராக நகர்ந்துகொண்டே இருக்கிறது. பல பத்தாண்டுகளில் சுவர்கள் பிளந்து, தூண்கள் சாய்ந்தன. ஆயிரக்கணக்கானோர் உட்காரும் இடம் என்பதால் ஏதாவது செய்தே ஆக வேண்டிய கட்டாயம். பொறியாளர்கள் செய்த வேலை அழகானது: பிளவின் மேல் விழும் பகுதிகளைத் தனித் தனிப் பாளங்களாக வெட்டி, மணலும் பிளாஸ்டிக் விரிப்பும் பரப்பிய படுகையின் மேல் உட்கார வைத்தார்கள். நிலம் நகர்ந்தால் அந்தப் பாளம் மட்டும் வழுக்கி நகரும். பக்கத்துப் பாளத்தை இழுத்துக்கொண்டு போகாது.

பொறியியல் நின்றது. நிதித் திட்டம்தான் நகர்ந்துவிட்டது. பணத்துக்குப் போட்ட திட்டம் இருக்கை விற்பனை: சுமார் 3,000 நல்ல இருக்கைகளை 40, 50 ஆண்டுகளுக்கு, பல்லாயிரம் டாலரில் தொடங்கி இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வரை விலை வைத்து விற்பது, அந்தப் பணத்தில் கடனை அடைப்பது. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. 2012இல் அரங்கம் மறுபடி திறந்தது. 2013 சீசனில் அணி ஆடிய 12 ஆட்டங்களில் வென்றது ஒன்றே ஒன்று. தோற்கும் அணியைப் பார்க்க 50 ஆண்டுக்கு இருக்கை வாங்க எத்தனை பேர் முன்வருவார்கள்?

கடன் ஏறத்தாழ 44.5 கோடி டாலர். தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் வட்டி மட்டும்தான் கட்டினார்கள்; அதுவே ஆண்டுக்குச் சுமார் 1.8 கோடி டாலர். பத்திரங்களில் கடைசித் தொகுதி முதிர்வது 2113இல். அச்சுப் பிழை இல்லை, இரண்டாயிரத்து நூற்றுப் பதின்மூன்றுதான். இன்று பிறக்கும் குழந்தையின் பேரன் அந்தக் கடனைத் தீர்ப்பான்.

2018இல் பெர்க்லியின் தலைவர் கேரல் கிறிஸ்ட் அரங்கக் கடனில் பாதிக்கும் மேலான பங்கைப் பல்கலைக்கழகத்தின் பொது நிர்வாகமே ஏற்கும் என்று அறிவித்தார். விளையாட்டுத் துறையால் அதைத் தாங்க முடியவில்லை. நிலநடுக்கப் பாதுகாப்புக்கான செலவு எப்படியும் வளாகத்தின் பொறுப்புதான் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் விளையாட்டுத் துறையின் கடன் கல்விக்குத் தொடர்பில்லாதது என்ற பேச்சு இதோடு முடிந்தது. கடன் எந்தத் துறையின் கணக்கில் எழுதியிருந்தாலும் சரி, அடியில் கையெழுத்து பல்கலைக்கழகத்தினுடையது. துறை தடுமாறினால் அது வந்து விழுவது பொதுத் தலையில்.

ஊருக்கு வருமானம் வருமா?

அரங்கத் திட்டம் எதிலும் இந்த அத்தியாயம் இருக்கும்: இத்தனை கோடி டாலர் பொருளாதாரத் தாக்கம், இத்தனை வேலைகள். இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

ஊரில் இருக்கும் குடும்பம் ஒன்று மாதம் குறிப்பிட்ட தொகையைப் பொழுதுபோக்குக்கு ஒதுக்குகிறது. புதிய அரங்கம் வந்தால் உணவகத்திலோ திரையரங்கிலோ செலவாகியிருக்கும் பணம் அரங்கத்தில் செலவாகும். ஊரின் மொத்தச் செலவு கூடாது, இடம்தான் மாறும். பொருளாதார அறிஞர்கள் இதை மாற்றுச் செலவு விளைவு என்கிறார்கள். விளையாட்டரங்கங்களைப் பற்றி ஆராய்ந்த அறிஞர்களில் பெரும்பான்மையோர், வாக்குறுதி தந்த அளவுக்கு அவை ஊரை வளமாக்குவதில்லை என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். இந்தத் துறையில் இவ்வளவு ஒத்த கருத்து அரிது.

வெளியூரிலிருந்து வரும் கூட்டம் புதிய பணம் கொண்டுவரும் என்பது உண்மை. சிறிய கல்லூரி நகரங்களில் ஆட்ட நாளன்று விடுதி அறை கிடைக்காது. ஆனால் அந்தக் கூட்டத்தை அழைத்து வருவது அணி. அதே நகரத்தில் ஏழு கிலோமீட்டர் தள்ளி வாடகை அரங்கத்தில் ஆடிக்கொண்டிருந்த அணி வளாகத்துக்குள் வந்தால், ஊருக்குப் புதிதாக என்ன வந்துவிடும்? இந்தக் கேள்வியைக் கேட்டாலே திட்ட அறிக்கையின் அந்த அத்தியாயம் மெலிந்துவிடும்.

இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன் 'விண்ணப்பங்கள் பெருகும்' என்ற வாதம். 1984 நவம்பர் 23 அன்று பாஸ்டன் கல்லூரியின் டக் ஃப்ளூட்டி கடைசி நொடியில் எறிந்த நீண்ட பந்து மயாமி அணியை வீழ்த்தியது. அதன் பிறகு அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பங்கள் கூடின. அவர் பெயரிலேயே 'ஃப்ளூட்டி விளைவு' என்ற சொல் நிலைத்தது. விண்ணப்பங்கள் அதற்கு முன்பே கூடிக்கொண்டிருந்தன என்பதைச் சொல்பவர் குறைவு. அதை விட முக்கியம், ஃப்ளூட்டி அந்தப் பந்தை எறிந்தது எதிரணி இரவலாக ஆடிவந்த மயாமி நகர அரங்கத்தில். விளைவு வெற்றியுடையது, கான்கிரீட்டுடையது இல்லை.

சுருக்கம்: ஊர் வளம், விண்ணப்பம் இரண்டுக்கும் அரங்கத்தைவிட அணியின் வெற்றிக்குத்தான் தொடர்பு அதிகம். வெற்றியைக் கடன் பத்திரம் போட்டு வாங்க முடியாது.

மீதி 358 நாள்

ஏழு நாள் போக மீதி நாட்களில் அந்தப் பெரிய கிண்ணம் என்ன செய்யும்? இங்கேதான் நல்ல திட்டத்துக்கும் மோசமான திட்டத்துக்கும் வேறுபாடு தெரியும்.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் 2017இல் வளாகத்துக்குள் திறந்த அரங்கத்தின் செலவு 22 கோடி டாலர். அதற்கு முன்பு ஊர் எல்லையில் 1968 முதல் இருந்த அரங்கம் பழுதடைந்திருந்தது. புதியதில் வகுப்பறைகளையும் முன்னாள் மாணவர் மையத்தையும் சேர்த்தே கட்டினார்கள். டென்னஸி பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதியாக இருந்த அரங்கத்தின் அடிப்பகுதியில் பிறகு மானுடவியல் துறை பல ஆண்டுகள் இயங்கியது. இதிலெல்லாம் உச்சம் சிகாகோ பல்கலைக்கழகம். 1939இல் கால்பந்தே வேண்டாம் என்று கைவிட்டது. ஆளில்லாமல் கிடந்த அரங்கத்தின் மேற்குப் படிக்கட்டுகளுக்கு அடியில், 1942 டிசம்பர் 2 அன்று, என்ரிகோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் செயற்கை அணுக்கருத் தொடர்வினையை நடத்திக் காட்டியது. இன்று அந்த இடத்தில் நூலகம் இருக்கிறது. இதைத் திட்ட அறிக்கையில் முன்மாதிரியாகச் சேர்க்க யாரும் துணிய மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வழக்கமான விடை இசை நிகழ்ச்சிகள். பணம் வரும், எதிர்ப்பும் வரும். சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டன் நகரில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் தன் பழைய அரங்கத்தை இடித்துவிட்டு 80 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, ஆனால் இருக்கைகளை 47,000இலிருந்து 35,000ஆகக் குறைத்து, புதியது கட்ட முன்வந்தபோது சண்டை மூண்டது ஆட்டத்துக்காக இல்லை. அங்கே நடக்கவிருந்த இசை நிகழ்ச்சிகளுக்காக. 2023 நவம்பரில் நகர மன்றம் சம வாக்குகளில் பிரிந்து, மேயரின் வாக்கால் அனுமதி கிடைத்தது. 40 கிலோமீட்டர் தள்ளி இரவல் அரங்கத்தில் ஆடினால் அக்கம்பக்கத்தாரின் கோபம் நம்முடைய தலைவலி இல்லை. வளாகத்துக்குள் வந்தால் அதுவும் சேர்ந்தே வரும்.

டெம்பிள் பல்கலைக்கழகத்தில் திட்டமே இதில் உடைந்தது. வடக்கு பிலடெல்பியாவில் வளாகத்தை ஒட்டி 35,000 இருக்கை அரங்கம் கட்ட எண்ணினார்கள். சுற்றிலும் பெரும்பாலும் கருப்பின மக்கள் நெடுங்காலமாக வாழும் குடியிருப்புகள். பல்கலைக்கழகம் விரிய விரியத் தங்கள் தெருக்கள் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 2018இல் பல்கலைக்கழகம் கூட்டிய ஊர்க் கூட்டம் எதிர்ப்பு முழக்கத்தில் பாதியிலேயே கலைந்தது. திட்டம் கிடப்பில் போனது.

அப்படியானால் எதற்காகத்தான் கட்டுவது?

இதுவரை படித்தவருக்கு நான் எதிர்க்கட்சி என்று தோன்றியிருக்கும். இல்லை. வளாக அரங்கம் தரும் ஒன்று உண்டு. அதை வாடகை அரங்கம் தரவே தராது. மாணவர் நடந்தே போகலாம்.

இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. பதினெட்டு வயதுப் பிள்ளை ஆட்டத்துக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வது பெரும்பாலும் அன்று காலையில்தான். விடுதி வாசலில் கூட்டம் கிளம்பினால் அதுவும் கிளம்பும். பஸ் பிடித்து ஒரு மணி நேரம் போக வேண்டும் என்றால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும். அன்று கூட்டத்தோடு போன பிள்ளைதான் முப்பது ஆண்டு கழித்து முன்னாள் மாணவராகத் திரும்பி வந்து நன்கொடை தருகிறது என்பது நிர்வாகங்களின் நம்பிக்கை.

அரங்கத்தின் அளவும் மனநிலையை மாற்றுகிறது. நியூ ஆர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகம் 1975 முதல் 2013 வரை சூப்பர்டோம் அரங்கத்தில் ஆடியது. 70,000 பேருக்கு மேல் கொள்ளும் இடத்தில் 20,000 பேர் உட்கார்ந்தால் திருவிழா முடிந்த திடல்தான். 2014இல் வளாகத்துக்குள் 30,000 இருக்கையோடு சொந்த அரங்கம் திறந்தார்கள். அதே 20,000 பேர் அங்கே கூட்டமாகத் தெரிவார்கள். பழைய பெரிய அரங்கங்களுக்கும் இந்தப் பாடம் உறைத்திருக்கிறது: ஸ்டான்ஃபோர்ட் தன் 85,500 இருக்கை அரங்கத்தை இடித்து 2006இல் 50,000 இருக்கையாகத் திருப்பிக் கட்டியது.

மலிவாகக் கட்டியவர்களும் உண்டு. ஒர்லாண்டோவில் மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் 2007இல் 5.5 கோடி டாலரில் 45,000 இருக்கையுள்ள எஃகு அரங்கத்தை எழுப்பியது. மாணவர்கள் ஒன்றாகக் குதித்தால் படிக்கட்டே அதிர்ந்து ஆடும். அதுவே அதன் செல்லப் பெயரும் ஆயிற்று. ஆனால் செப்டம்பர் 15 அன்று டெக்சாஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில், ஃப்ளோரிடா வெயிலில், வந்தவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: அரங்கத்தில் குடிநீர்க் குழாய் ஒன்றுகூட இல்லை. 3 டாலர் பாட்டில் தண்ணீர்தான் வழி. அதுவும் ஆட்டம் முடிவதற்குள் தீர்ந்துபோனது. வெப்பத்தில் பலர் மயங்கினார்கள், சிலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிறகுதான் அவசர அவசரமாகக் குழாய்களை வைத்தார்கள். சொந்த அரங்கத்தில் தண்ணீரும் நம் பொறுப்பு.

என் தீர்ப்பு இது: வளாக அரங்கம் ஒரு முதலீடு என்று சொல்லிக் கட்டினால் பெரும்பாலும் பொய்க்கும். வளாக வாழ்க்கைக்காகச் செய்யும் செலவு, நூலகத்தின் முன்னே பூங்கா வைப்பதைப் போல, என்று ஒப்புக்கொண்டு அதற்கேற்ற அளவில் கட்டினால் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சிக்கல், செலவை வருமானம் என்று பெயர் மாற்றி வாக்கு வாங்குவதில் தொடங்குகிறது.

அறிவிப்பு வந்தால் எதைப் பார்ப்பது?

கணினியில் வரைந்த படத்தில் அரங்கம் எப்போதும் நிறைந்திருக்கும். அதை ஒதுக்கிவிட்டு நிதி அறிக்கையைத் தேடுங்கள். கடன் எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு, முதல் சில ஆண்டுகள் வட்டி மட்டுமா? டிக்கெட் கணக்கு எத்தனை சதவீத இருக்கை நிறையும் என்ற ஊகத்தில் நிற்கிறது? வருமானம் குறைந்தால் அடுத்துக் கைவைப்பது மாணவர் கட்டணத்திலா, பொது நிதியிலா? இந்த மூன்றாவது கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லை என்றால், பதில் பொது நிதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

2025க்குப் பிறகு ஒரு கேள்வி கூடியிருக்கிறது. என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிரான வழக்கு ஒன்றில் ஏற்பட்ட சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025-26 கல்வியாண்டில் உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர். விளையாட்டுத் துறையின் பட்ஜெட்டில் இதற்கு முன்பு இல்லாத செலவு. நல்ல வீரர்களை வாங்கப் பணமா, கடன் தவணைக்குப் பணமா என்ற இழுபறி இனி ஒவ்வோர் ஆண்டும் நடக்கும். 2025க்கு முன்பு வரைந்த நிதித் திட்டத்தில் இது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழகிப் பார்க்க இப்போது கையில் ஓர் உதாரணமும் இருக்கிறது. தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் 1998 முதல் டாம்பா நகரின் தொழில்முறை அரங்கத்தில் ஆடிவருகிறது. 2023இல் அதன் ஆட்சிக் குழு வளாகத்துக்குள் 35,000 இருக்கையில் அரங்கம் கட்ட 34 கோடி டாலர் திட்டத்துக்கு அனுமதி தந்தது. அதில் 20 கோடி டாலர் வரை கடன். 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், 2027இல் திறப்பதாக ஏற்பாடு. புதிய அரங்கத்துக்கு முதல் சில சீசன்கள் வேடிக்கை பார்க்கவாவது கூட்டம் வரும், அதனால் தொடக்கக் கணக்கு நன்றாகவே தெரியும். அணி தொடர்ந்து தோற்ற முதல் சீசனின் நவம்பர் மாதத்தில் எத்தனை டிக்கெட் விற்றது, அந்த ஆண்டின் தவணையை யார் கட்டினார்கள் என்ற இரண்டு எண்களும் வெளியாகும்போது இந்தத் திட்டத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள்.